கடல் மூடித் திறக்கும் சாலைகள்: படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஓதப் பாடம்

அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் ‘திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது’ என்று செய்தி வரும். பாசி படிந்த பாறைகளில் ஏறி நின்று செல்ஃபி எடுக்க ஒரு கூட்டமும் வரும். நம் கரையில் ஓதத்தின், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதன், விளையாட்டு அவ்வளவுதான். ராமேசுவரம் பக்கம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் கடலோரத்திலேயே வளர்ந்தவர்கள்கூட, கடல் தினமும் இரண்டு முறை ஒரு கிலோமீட்டர் விலகிப் போய்த் திரும்பி வரும் என்பதைச் சட்டென்று நம்ப மாட்டார்கள்.

குஜராத்தில் காம்பே வளைகுடா ஓரம் பாவ்நகர் பக்கம் போனால் அந்த வித்தியாசம் 10 மீட்டரை எட்டும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில், பர்ன்ட்கோட் ஹெட் என்ற இடத்தில், அது சுமார் 16 மீட்டர். இந்த மாதிரிக் கரைகளில் சில சாலைகள் உண்டு. ஒரு நாளில் சில மணி நேரம் அதில் கார் ஓடும், மீதி நேரம் மீன் ஓடும். பிரான்சில் நுவார்முத்தியே தீவுக்குப் போகும் 4.125 கிலோமீட்டர் ‘பசாஜ் து குவா’, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் தரைப்பாலம், மும்பை ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை, பாவ்நகர் அருகே கோலியாக்கில் கடலுக்குள் இருக்கும் நிஷ்களங்க மகாதேவர் கோயிலுக்குப் போகும் சேற்றுவழி எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை.

இங்கே நல்ல படம் எடுக்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. ஓத அட்டவணையைப் படிக்கத் தெரிய வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: நீர் இறங்கும்போது உள்ளே போகலாம், நீர் ஏறுவதைக் கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும். காரணம் எளிது. இறங்கும் நீரில் நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டால் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. ஏறும் நீரில் அதே தப்பைச் செய்தால் திரும்பி வர வழி இருக்காது. படம் என்று பார்த்தாலும் இறங்கும் நீர்தான் மேல். அப்போதுதான் வெளிப்பட்ட சாலை ஈரத்தில் மின்னும், அதில் யாருடைய கால்தடமும் டயர்தடமும் இருக்காது.

ஓதம், நாள்காட்டியோடு

நிலவின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து கடலை இழுக்கின்றன. நிலவின் பங்கு பெரிது. பெரும்பாலான கரைகளில் ஒரு உச்ச ஏற்றத்துக்கும் அடுத்த உச்ச ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். எனவே இன்று காலை 6 மணிக்கு வந்த ஏற்றம் நாளை காலை ஏறக்குறைய 6.50-க்கு வரும். தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே நேர்கோட்டை ஒட்டி வருவதால் இரண்டு ஈர்ப்பும் கைகோக்கும். ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. அஷ்டமியை ஒட்டி அவை செங்குத்தாக நிற்பதால் ஒன்றை ஒன்று குறைத்துவிடும், ஓதம் சோர்ந்துபோகும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் திதி பார்த்தே பயணத் தேதியைத் தோராயமாகக் குறித்துவிடலாம். ஒரு திருத்தம் மட்டும்: பல கரைகளில் மிகப் பெரிய ஓதம் அமாவாசை அன்றே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். ஆண்டில் எப்போது உச்சம் என்று கேட்டால், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய அமாவாசையும் பௌர்ணமியும். அந்த நேரத்தில் நிலவு பூமிக்கு அருகிலும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு கரையில் ஒரு மீட்டர், இன்னொன்றில் 16 மீட்டர் என்பதற்குக் காரணம் கரையின் வடிவம். வாய் அகன்று உள்ளே போகப்போகக் குறுகும் வளைகுடாவில் நுழைந்த நீருக்குப் பக்கவாட்டில் இடமில்லை, எனவே மேலே ஏறுகிறது. காம்பேயில் இது முக்கியக் காரணம். ஃபண்டியில் இன்னொன்றும் சேர்கிறது. அந்த வளைகுடா நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆடித் திரும்ப எடுக்கும் இயல்பான நேரம் ஏறத்தாழ 13 மணி. ஓதத்தின் நேரம் 12 மணி 25 நிமிடம். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலே போதும் இல்லையா, அதே கதைதான்.

நீர் ஒரே சீராக ஏறாது

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆறு மணி நேரத்தில் 10 மீட்டர் ஏறுகிறது என்றால் மணிக்கு 1.7 மீட்டர் என்று மனம் வகுத்துவிடும். உண்மையில் ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1 என்று ஏறும். மாலுமிகள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது. 10 மீட்டருக்குப் போட்டுப் பார்த்தால் முதல் மணியில் 0.8 மீட்டர்தான், மூன்றாம் மணியில் 2.5 மீட்டர்.

இதோடு தரையின் சரிவையும் சேர்த்துப் பாருங்கள். 500 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் மட்டுமே உயரும் தட்டையான மணல்வெளி என்று வைத்துக்கொள்வோம். முதல் மணியில் கடல் 400 மீட்டர் நகர்ந்து வரும். ‘மெதுவாகத்தானே வருகிறது’ என்று தோன்றும். மூன்றாம் மணியில் அதே கடல் 1,250 மீட்டர் வரும். அதற்குள் ட்ரைபாடும் பையுமாகச் சேற்றில் நடக்கிறவரின் வேகம் பாதியாகியிருக்கும். போதாக்குறைக்கு நீர் முன்னாலிருந்து மட்டும் வராது. மணல்வெளியில் வளைந்து ஓடும் தாழ்ந்த கால்வாய்கள்தான் முதலில் நிறையும். நீங்கள் மேட்டில் நின்று கடலைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருப்பீர்கள், முதுகுக்குப் பின்னால் கரைக்கும் உங்களுக்கும் நடுவே கால்வாய் இடுப்பளவு ஆகிவிடும்.

அட்டவணையில் எதைப் பார்ப்பது

இந்தியக் கரைகளுக்கு சர்வே ஆஃப் இந்தியா ஓத அட்டவணை வெளியிடுகிறது. பிரிட்டனுக்கு அந்நாட்டு நீர்வரைவியல் அலுவலகம், பிரான்சுக்கு ஷோம் என்ற அரசு நிறுவனம், கனடாவுக்கு அதன் மீன்வளத் துறை. செல்பேசிச் செயலிகள் பலவும் இவற்றையே எடுத்துப் போடுகின்றன. செயலி எதுவானாலும் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலில் நேர மண்டலம். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும், கோடை நேரத்துக்கான ஒரு மணியை நாமே கூட்ட வேண்டும். இந்த ஒரு மணி நேரப் பிழையில் மாட்டிக்கொள்வது சர்வசாதாரணம். இரண்டாவது, அட்டவணை எந்தத் துறைமுகத்துக்கானது என்பது. நீங்கள் போகும் தரைப்பாலம் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நேரமும் உயரமும் மாறும். மூன்றாவது, அதில் உள்ள உயரம் சாலைக்கு மேல் உள்ள ஆழம் அல்ல. கடல் வழக்கமாக இறங்கும் மிகத் தாழ்ந்த மட்டத்தை ஒட்டி ஒரு கோடு வைத்து அதிலிருந்து அளப்பது. ‘2 மீட்டர்’ என்று போட்டிருந்தால் சாலையில் 2 மீட்டர் நீர் என்று பொருளில்லை. நான்காவது, காற்றும் காற்றழுத்தமும். அட்டவணை நிலவையும் சூரியனையும் மட்டும் கணக்கிட்டது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். அதோடு கரையை நோக்கிப் பலமான காற்றும் அடித்தால் சாலை சொன்ன நேரத்துக்கு முன்பே மூடிவிடும், திறக்கத் தாமதமாகும்.

சாலையின் உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் நாள் படமெடுக்காமல் கரையில் நின்று, சாலையின் தாழ்வான பகுதியிலிருந்து நீர் விலகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் செயலியின் ஓத வளைகோடு எத்தனை மீட்டர் காட்டுகிறது என்று பாருங்கள். 2.6 என்று காட்டினால், இனி எந்த நாளிலும் வளைகோடு 2.6-ஐ நெருங்கும் நேரம்தான் உங்கள் படத்தின் நேரம். இது எப்போது ட்ரைபாடை நிறுத்தலாம் என்று அறியத்தான். சாலையைக் கடக்க அங்கே அதிகாரப்பூர்வமாக எழுதிப் போட்டிருக்கும் நேரத்தை மட்டுமே நம்புங்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கடிகாரம்

பலருக்கும் தெரியாத, படமெடுப்பவருக்கு மிகவும் பயன்படும் விஷயம் இது. ஒரே ஊரில் பெரிய ஓதம் எப்போதுமே ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் நிலவு உச்சிக்கு வருவது நண்பகலிலோ நள்ளிரவிலோதான். அதிலிருந்து அந்தக் கரையில் ஏற்றம் வர எத்தனை மணி ஆகும் என்பது பெரிதாக மாறாது. எனவே திதி ஒன்றானால் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உச்ச ஏற்றம் நண்பகல், நள்ளிரவை ஒட்டி வருகிறது. அப்படியானால் அடி இறக்கம் காலை, மாலை ஆறு மணியை ஒட்டி. ஹாஜி அலி நடைபாதை முழுதாக வெளிப்பட்டு, இருபுறமும் பாறைகள் ஈரத்தோடு கிடக்க, அந்தி வெளிச்சத்தில் எடுக்க விரும்பினால் பௌர்ணமிக்குப் போக வேண்டும். நீர் சூழ்ந்த தர்காவை அந்தியில் எடுக்க விரும்பினால் அஷ்டமியை ஒட்டிப் போக வேண்டும், அப்போதுதான் ஏற்றம் ஆறு மணிப் பக்கம் வரும். ஆனால் அது சிறிய ஓதம் என்பதால் நீர் அவ்வளவு உயராது. பெரிய ஏற்றமும் அந்தி வெளிச்சமும் மும்பையில் ஒன்றாகக் கிடைக்கவே கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டால் வீணாக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பிரான்சில் கடலோரப் பாறைத் திட்டின்மேல் மடாலயம் நிற்கும் மோன் சேன் மிஷேல் இதற்கு நேர் எதிர். அங்கே பெரிய ஓதத்தின் உச்சம் தோராயமாகக் காலை 7 முதல் 9 மணிக்குள் ஒன்று, மாலை அதே நேரத்தில் இன்னொன்று. மார்ச், செப்டம்பரில் அது அந்தி வெளிச்சத்தோடு ஒட்டி வருகிறது, ஆண்டின் மிகப் பெரிய ஓதங்களும் அப்போதுதான். பிரான்சில் ஓதத்தின் வலுவை 20-இலிருந்து 120 வரை ஒரு எண்ணால் குறிப்பார்கள். 110-ஐத் தாண்டினால்தான் மோன் சேன் மிஷேலை நீர் முழுதாகச் சூழ்ந்து தீவாக்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. 2015 மார்ச் 21 அன்று அந்த எண் 119. அந்த மாதிரி நாளில் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றுவிட வேண்டும். ஆற்றை எதிர்த்து ஓத அலை ஏறி வரும் காட்சியும் அந்த இடைவெளியில்தான் கிடைக்கும். 1879-இல் போட்ட மண்மேட்டுச் சாலை நீரோட்டத்தைத் தடுத்து வளைகுடாவில் மண் சேர்த்துவிட்டதால், 2014-இல் தூண்கள் மேல் நிற்கும் பாலத்தைத் திறந்து, பழைய சாலையை அகற்றினார்கள். பழைய படங்களில் தெரியும் நேர்ச்சாலையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். புதிய பாலத்தின் வளைவு படத்துக்கு அதைவிட நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

லிண்டிஸ்ஃபார்ன்: ஒரு காலைப்பொழுதைத் திட்டமிடுவது

லிண்டிஸ்ஃபார்ன் சாலை 1954-இல் போடப்பட்டது. பொதுவாக உச்ச ஏற்றத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் கழித்துத் திறந்து, அடுத்த உச்சத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு மூடும். அந்தந்த நாளுக்கான கடக்கும் நேரத்தை நார்தம்பர்லாந்து மாவட்ட நிர்வாகம் வெளியிடுகிறது, சாலையின் இரு முனையிலும் எழுதிப் போட்டிருக்கும். அங்கே பெரிய ஓதத்தின் உச்சம் கிரீன்விச் நேரப்படி பின்னிரவு மூன்று மணியை ஒட்டி வரும். மூன்று மணி நேரம் கூட்டினால் ஆறு. மார்ச் 20-ஐ ஒட்டி அங்கே சூரிய உதயமும் ஆறு மணியை ஒட்டித்தான். ஆக, மார்ச் மாத அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய காலை ஒன்றைப் பிடித்தால், சாலை நீரிலிருந்து வெளிப்படுவதும் சூரியன் எழுவதும் ஒன்றாக நடக்கும். தீவு கிழக்கே இருப்பதால், மேற்கே பிரதான கரையில் நிற்கிறவருக்கு உதயம் நேர் எதிரே.

திறக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே பீல் கிராமப் பக்கக் கரையில் வண்டியை நிறுத்திவிடுங்கள். சாலையின் தாழ்வான பகுதி இந்தக் கரைக்கு அருகில் உள்ள பாலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே தூண்கள் மேல் ஒரு சிறு மரக்குடில் நிற்கும், ஏறிப்போகப் படிகள் இருக்கும். மாட்டிக்கொண்டவர்கள் தஞ்சம் புக வைத்தது அது. நீர் விலகுவதைக் கவனித்தால் நான்கு கட்டங்கள் தெரியும். முதலில் குடிலும் பாலத்தின் கைப்பிடியும் மட்டும் நீருக்கு மேல். பிறகு சாலையோரக் கம்பங்கள் முழுதாகத் தெரியும், சாலை இருக்கும் இடத்தில் நீரின் நெளிவு மட்டும் வேறாக இருக்கும். அடுத்து சாலையின் நடுமுதுகு கறுப்புக் கோடாகத் தலைகாட்டும், இரு ஓரமும் நீர் வழிந்துகொண்டிருக்கும். கடைசியில் சாலை முழுதும் வெளியே, பள்ளங்களில் மட்டும் நீர். மூன்றாவது கட்டம்தான் படம். அது பத்துப் பதினைந்து நிமிடம் நீடித்தால் அதிகம், எனவே அதற்குள் லென்ஸ் மாற்றி ஃபில்டர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

தாழ்வான பகுதி பிரதான கரைப் பக்கம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. தீவிலிருந்து திரும்புகிறவர் தன் கண்ணெதிரே சாலை காய்ந்திருப்பதைப் பார்த்துக் காரை எடுப்பார். பாதி தூரம் வந்த பிறகுதான் எதிர்முனையில் நீர் ஏறிவிட்டது தெரியும். அங்கே கார்கள் மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடும் நேரத்துப் படம் வேண்டுமென்றால் தீவில் இரவு தங்கிவிடுங்கள். சாலை மூடியபின் தீவுக் கரையிலிருந்து நிதானமாக எடுக்கலாம்.

சாலையைத் தவிர, மணல்வெளியில் நேராகத் தீவுக்குப் போகும் பழைய யாத்திரிகர் பாதையும் உண்டு. வரிசையாக நட்ட கம்பங்கள் வழி காட்டும். தூரத்தை இழுத்துக் காட்டும் 70–200 மில்லிமீட்டர் லென்ஸில் அந்தக் கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கித் தெரியும், அகன்ற லென்ஸில் சிதறிப்போகும். குளிர்காலத்தில் வாத்துக்கூட்டங்கள் அங்கே இறங்கும் பாதுகாக்கப்பட்ட பகுதி அது. ட்ரோனை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள்.

கேமராவில் என்ன வைப்பது

உதயத்துக்குக் கால் மணி முன்பு, லேசான மேகம் இருந்தால், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் அரை விநாடி என்று தொடங்கலாம். அரை விநாடி என்பது காரணமாகச் சொன்ன எண். சாலையிலிருந்து வழியும் நீர் கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை கோடுகோடாகப் பதியும், எந்தப் பக்கம் வழிகிறது என்பது படத்தில் தெரியும். 1/500 விநாடிக்குப் போனால் துளிகள் உறைந்து நிற்கும், மோதும் அலைக்கு அது சரி, வழியும் நீருக்கு உயிரில்லாமல் இருக்கும். 30 விநாடிக்கு மேல் போனால் நீர் பாலாடையாகி, சாலை எங்கோ மிதப்பது போல ஆகும். சாலை பாதி மூழ்கிய நிலையில் 30 விநாடி வைத்தால் நீருக்கும் ஈரச்சாலைக்கும் வேறுபாடே தெரியாமல் போய்விடும். எல்லாரும் கடலென்றால் நீண்ட எக்ஸ்போஷர் என்று கிளம்பிவிடுகிறார்கள், இங்கே அது பல சமயம் விஷயத்தையே அழித்துவிடுகிறது.

பகல் ஏறிய பிறகு ஷட்டரை நீட்ட, வெளிச்சத்தைக் குறைக்கும் இருட்டுக் கண்ணாடியான என்டி ஃபில்டர் வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். 6 ஸ்டாப் ஃபில்டர் நேரத்தை 64 மடங்காக்கும், 10 ஸ்டாப் சுமார் 1,000 மடங்கு. ஃபில்டர் இல்லாமல் 1/30 விநாடி என்றால் 6 ஸ்டாப்பில் 2 விநாடி, 10 ஸ்டாப்பில் ஏறக்குறைய 33 விநாடி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 6 ஸ்டாப். ஃபில்டரை மாட்டுவதற்கு முன்பே ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். இருட்டு ஃபில்டர் வழியே கேமரா ஃபோகஸ் தேடி அலையும். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வு நிறுத்தியையும் அணைக்க வேண்டும்.

போலரைசர் ஈரக் கல்லின் வெள்ளை மினுக்கத்தைக் குறைத்து நிறத்தைக் காட்டும், ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். ஆனால் அதை முழுதாகத் திருப்பினால் ஈரச்சாலையில் தெரியும் வானமும் போய்விடும். அந்த மினுக்கத்துக்காகத்தானே அதிகாலையில் வந்தோம். பாதி திருப்பி நிறுத்துங்கள். 24 மில்லிமீட்டருக்கும் அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் தெரியும் என்பதால் கழற்றிவிடுவதே நல்லது.

ஈரமணல் வானத்தைப் பிரதிபலிக்கும், ஈரத் தார் கறுப்பாக இருக்கும். கேமராவின் ஒளிமானி இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறும். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் வலது ஓரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டு, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து, இரண்டு ஸ்டாப் மேலும் கீழுமாக மூன்று படம் எடுத்துவைத்தால் பிறகு வேலை எளிது. செல்பேசியிலும் இதெல்லாம் முடியும். சிறு ட்ரைபாடும், ஷட்டர் நேரத்தைக் கையால் வைக்க விடும் செயலியும் போதும்.

மணலில் ட்ரைபாட் நிற்கும் விதம் தனி. சுற்றி ஓடும் நீர் கால்களுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டே இருக்கும், 30 விநாடிப் படத்தில் கேமரா சில மில்லிமீட்டர் இறங்கினாலும் படம் மங்கும். மூன்று கால்களையும் அகட்டி, ஒவ்வொன்றாக அழுத்தி, இனி இறங்காது என்னும்வரை மணலில் புதையுங்கள். ஓர் அலை வந்து போன பிறகு மறுபடி அழுத்துங்கள். கால்களை நீட்டும்போது மேல் பகுதிக்குப் பதில் கடைசி மெல்லிய பகுதியை முதலில் முழுதாக நீட்டினால் பூட்டுகள் உப்புநீருக்கு மேலே இருக்கும்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே படமாக

ஒரே இடத்திலிருந்து ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைப்பதுதான் ஓதத்தைப் பார்க்கிறவருக்குப் புரியவைக்கச் சிறந்த வழி. ஃபண்டியின் ஹோப்வெல் பாறைகள் இதற்கென்றே நிற்பவை. இறக்கத்தில் பாறைகளின் அடியில் மனிதர்கள் நடப்பார்கள், ஆறு மணி நேரம் கழித்து அதே பாறைகளைச் சுற்றிக் கயாக் ஓட்டுவார்கள். இதற்கு நிற்கும் இடம் ஏற்றத்திலும் நனையாத மேடாக இருக்க வேண்டும். முதல் படம் எடுத்ததும் ட்ரைபாடின் கால்கள் நிற்கும் இடத்தைச் செல்பேசியில் படமெடுத்து, தரையிலிருந்து லென்ஸின் உயரத்தையும் ஜூம் எண்ணையும் குறித்துவைக்கவும். இரண்டாவது முறை முதல் படத்தைத் திரையில் திறந்து, அருகில் உள்ள பாறை முனையும் தூரத்துக் கட்டடமும் அதே இடத்தில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். அருகும் தூரமும் பொருந்தினால் கேமரா பழைய இடத்தில் நிற்கிறது.

இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் டைம்லாப்ஸ் என்றால் 15 விநாடிக்கு ஒரு படம் வீதம் ஆறு மணி நேரத்தில் 1,440 படம். விநாடிக்கு 24 என்று ஓட்டினால் சரியாக ஒரு நிமிடக் காட்சி. ஒரு பேட்டரி இதைத் தாங்காது, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பவர்பேங்க் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேறு, பாசி, மூடுபனி

தினமும் இரண்டு முறை நனையும் கல்லில் பாசி பிடிக்காமல் இருக்காது. 1999 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நுவார்முத்தியேயின் குவா சாலை வழியே போனபோது ஈரப்பாசியில் வீரர்கள் குவியலாக விழுந்தார்கள். அந்த ஒரு விபத்தில் சுவிஸ் வீரர் அலெக்ஸ் சூலே ஆறு நிமிடத்துக்கு மேல் இழந்தார். கேமரா கையோடு நடக்கிறவர் கல்லின் கரும்பச்சைப் பகுதியைத் தவிர்த்து, சிப்பி ஒட்டிய சொரசொரப்பான பகுதியில் கால் வைக்க வேண்டும். குவா சாலையோரம் இடையிடையே ஏறிக்கொள்ளும் மேடையோடு உயரக் கம்பங்கள் உண்டு. அடி இறக்கத்துக்கு ஒன்றரை மணி முன்பிலிருந்து ஒன்றரை மணி பின்பு வரை மட்டுமே கடக்கச் சொல்கிறார்கள்.

கோலியாக்கில் கோயிலுக்குப் போகும் வழி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், பெரும்பகுதி வழுக்கும் சேறு. ஏற்றத்தில் கொடிமரமும் தூணும் மட்டும் தெரியும், இறக்கத்தில் மேடையும் ஐந்து லிங்கங்களும் வெளிப்படும். பக்தர்கள் எந்த நேரத்தில் இறங்குகிறார்களோ, எந்தத் தடத்தில் போகிறார்களோ, அதிலேயே போய் அவர்கள் திரும்பும்போது திரும்புங்கள். ஆவணி அமாவாசையை ஒட்டி வரும் பாதர்வி அமாவாசைத் திருவிழாவில் கூட்டத்தோடு படமெடுக்கலாம், வெற்றுக் கடல் கிடைக்காது. கும்பிடுகிறவர்களின் முகத்தைக் கேட்காமல் நெருங்கி எடுக்க வேண்டாம்.

தனியாகச் சேற்றுவெளியில் இறங்கவே கூடாத இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் மோர்கம் வளைகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு, சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஏறும் நீரில் சிக்கி இறந்தார்கள். கால் புதைந்துவிட்டால் இழுத்து உதறாதீர்கள், ஆழம்தான் கூடும். பையைக் கழற்றிவிட்டு, பின்னால் சாய்ந்து உடம்பின் பாரத்தைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்ல ஆட்டி நீர் உள்ளே புக விட்டு எடுங்கள். உதவிக்கு இந்தியக் கடலோரக் காவல்படை 1554, ஐரோப்பாவில் 112, பிரிட்டனில் 999. மூடுபனி இறங்கினால் மணல்வெளியில் திசையே தெரியாது, எனவே உள்ளே போகும் முன்பே கரை எந்தத் திசை என்று திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் இரண்டு அலாரம் வையுங்கள்: ஒன்று திரும்பத் தொடங்க, மற்றது கரையில் இருந்தே தீர வேண்டிய நேரத்துக்கு. முதல் அலாரம் அடி இறக்கத்தின் நேரத்தைத் தாண்டக் கூடாது.

திரும்பி வந்ததும் லென்ஸைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி, பிறகுதான் துடைக்க வேண்டும். ட்ரைபாடின் கால்களை முழுதாக நீட்டிக் குழாயடியில் கழுவி, பூட்டுகளைத் தளர்த்தித் தலைகீழாக நிறுத்திக் காயவிடுங்கள். உப்போடு மடக்கி வைத்தால் சில வாரங்களில் பூட்டு இறுகி, அடுத்த முறை கால் நீளாது.